தோட்டம் கற்றுக்கொடுத்த தொழில்

ரப்பர் மரத்தைச் சீவுவது எளிய வேலை என்று பலர் நினைக்கின்றனர். கையில் ஓர் உளி, மரத்தில் ஒரு சாய்வான கோடு, அதன் கீழே ஒரு மங்கு. அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மை வேறு. மரப்பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே மிக மெல்லிய வளர்திசு ஒன்று இருக்கிறது. பால் ஓடும் நுண்குழாய்கள் அந்தத் திசுவுக்கு அருகில்தான் நெருக்கமாக அமைந்துள்ளன. மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உளி இறங்கிவிட்டால் வளர்திசு காயப்படும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே பக்கத்தை மறுபடியும் சீவ வேண்டியிருக்கும்போது அந்த இடம் பயன்படாமல் போகும்.

இந்த ஒரு மில்லிமீட்டரைத் தோட்டத் தொழிலாளி எதைக் கொண்டு அளந்தார்? அளவுகோல் எதுவும் அவர் கையில் இல்லை. விடிவதற்கு முன், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு காலையில் சுமார் 500 மரங்களை அவர் சீவி முடிக்க வேண்டும். ஒரு மரத்தின் முன் நின்று யோசிக்க நேரமில்லை. உளி பட்டையில் ஓடும்போது எழும் ஒலி, கைக்கு எட்டும் தடை, சீவல் சுருண்டு விழும் விதம் ஆகியவையே அவருக்கு அளவுகோலாக இருந்தன.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றியும், அதற்கு வடகிழக்கே உலு சிலாங்கூர் பக்கமும் இருந்த தோட்டங்களில் பல தலைமுறைத் தமிழர்கள் இப்படித்தான் வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தொடக்கக் கல்வியைத் தாண்டாதவர்கள். பள்ளிக்கே போகாதவர்களும் உண்டு. ஆயினும், அவர்கள் செய்த வேலைக்குத் தேர்ந்த அறிவு தேவைப்பட்டது. அந்த அறிவை அவர்கள் எங்கே, எப்படிப் பெற்றார்கள் என்பது, இன்று தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலைக்குச் சேரப்போகும் உங்களுக்கும் தொடர்புள்ள கேள்வி.

சில தோட்டங்களில், விரைவில் வெட்டிச் சாய்க்கப்படவிருக்கும் கிழட்டு மரங்களைப் புதியவர்களுக்குக் கொடுத்துச் சீவிப் பழகச் செய்வார்கள். மண்டோர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அது சில நாளில் முடிந்துவிடும். உண்மையான பயிற்சி அதற்குப் பிறகுதான். பக்கத்து நிரையில் வேலை செய்யும் அக்காவோ அண்ணனோ போகிற போக்கில், “உளியை அழுத்தாதே தம்பி, இழு” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து உளி தீட்டும் பெரியவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதித் தொழில் பிடிபடும். மொட்டை உளியை வைத்துக்கொண்டு பலத்தைக் காட்டுகிறவரின் மரம்தான் அதிகமாகக் காயப்படும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் பெற்றோருக்கு உதவியாக மரத்துக்குப் போய்ப் பழகியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால், அதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. ஒட்டுப்பால் பொறுக்கவும் மங்கு துடைக்கவும் போன பிள்ளைகளுள் பலர் அதற்காகப் பள்ளியைத் துறந்தவர்கள். கூலி போதாத குடும்பத்தில் எல்லாருடைய கையும் தேவைப்பட்டது என்பதே அதன் காரணம்.

இவ்வாறு பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எதுவுமின்றி, வேலை செய்துகொண்டே, பிறரைப் பார்த்தும் கேட்டும் தவறித் திருத்தியும் கற்பதை முறைசாராக் கற்றல் என்கிறோம். நீங்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும், வீட்டில் சோறு வடிக்கக் கற்றதும் இவ்வகையே. இதில் கிடைக்கும் அறிவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதை வைத்திருப்பவரால் அதை முழுவதுமாகச் சொல்லி விளக்க முடியாது. மைக்கேல் பொலானி என்ற அறிஞர் 1960களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சைக்கிளில் சமநிலை காப்பது எப்படி என்று நன்றாக ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அவர் சொல்லத் திணறுவார். பால்மரம் சீவியவரிடம் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான், “கைக்குத் தெரியும்” என்பார்.

கைக்குத் தெரிந்தது பல வேளைகளில் அறிவியலோடு ஒத்துப்போனது. விடியற்காலையில் ஏன் சீவ வேண்டும்? வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் ஆவியாகும். மரத்தினுள் அழுத்தம் குறையும். பால் விரைவில் நின்றுவிடும். கோடு ஏன் இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சாய்ந்திருக்கிறது? பால்குழாய்கள் நேராக மேலே செல்லாமல் சற்றே சாய்ந்து சுற்றிச் செல்கின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். இந்தக் காரணங்களைத் தொழிலாளிகள் எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்கவில்லை. செய்முறை அவர்களிடம் இருந்தது. காரணம் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே மண்டோர், கிராணி, துரை என்று பல படிகள் இருந்தன.

சீவும் முறையே கூடச் செய்து பார்த்துக் கண்டறியப்பட்டதுதான். 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து லண்டனுக்கும், மறுஆண்டு அங்கிருந்து சிங்கப்பூருக்கும் ரப்பர் வந்து சேர்ந்தது. அமேசான் காட்டில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுப்பதே வழக்கமாக இருந்தது. அதனால் மரம் பாழானது. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, தோட்டத்து மரங்களில் பல வகையாக வெட்டிச் சோதித்தார். ஏற்கெனவே சீவிய கோட்டையே மெல்லிதாக மறுபடியும் சீவினால், முதலில் வந்ததைவிட அதிகமாகப் பால் வருவதை அவர் கண்டார். மரத்தைக் கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் வழி அதனால் பிறந்தது. பின்னர் 1925ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சிலாங்கூரின் சுங்கை பூலோவில் அதன் ஆய்வுத் தோட்டம் அமைந்தது.

ரப்பரின் காலம் இருக்கும்போதே கோலசிலாங்கூரில் இன்னொரு பயிரும் வேரூன்றியது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை! தோட்ட முதலாளியான இவர் எழுத்தாளரும் ஆவார். மலாயாவைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலுக்காக 1930ஆம் ஆண்டில் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசைப் பெற்றார். 1960களுக்குப் பிறகு ரப்பர் காடுகள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. உளி பிடித்த கைகள் நீண்ட கம்பில் கட்டிய வளைந்த அரிவாளைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

பழைய தொழிலின் அறிவு புதிய தொழிலுக்கு அப்படியே பொருந்தவில்லை. எல்லாரும் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. செம்பனையில் முதலில் கற்க வேண்டியது வெட்டுவதன்று, பார்ப்பது. குலை பழுத்துவிட்டதா என்பதைக் கீழேயிருந்து முடிவு செய்ய வேண்டும். பழுக்கும் கடைசி வாரங்களில்தான் பழச்சதையில் எண்ணெய் பெருமளவு சேர்கிறது. காயாக வெட்டினால் எண்ணெய் குறைவு. முற்ற விட்டால் பழங்கள் உதிர்ந்து அடிபட்டு, எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். அறுவடைக்காரர் மரத்தடியைப் பார்க்கிறார். அங்கே உதிர்ந்து கிடக்கும் பழங்களின் எண்ணிக்கை அவருக்குச் செய்தி சொல்கிறது. பிறகு அண்ணாந்து குலையின் நிறத்தைப் பார்க்கிறார். இரண்டையும் சேர்த்து அவர் எடுக்கும் முடிவுக்கு ஒருசில விநாடிகளே ஆகும். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள, முள் நிறைந்த குலை விழும் இடத்திலிருந்து விலகி நிற்கவும் அதற்குள் அவர் இடம் பார்த்திருப்பார்.

வேலையை எளிதாக்கும் சின்னச் சின்ன வழிகளும் இருந்தன. மட்டையின் அடித்தண்டை நீளமாக விடாமல் ஒட்ட வெட்டினால் உதிரிப் பழங்கள் அதில் சிக்கிக்கொள்ளா. கையை முள்ளுக்குள் விட்டுப் பழம் எடுக்கும் வேலை மிச்சம். வெட்டிய மட்டைகளை ஒழுங்காக அடுக்கினால் தள்ளுவண்டி தடையின்றிப் போகும். பின்னால் வருகிறவருக்குப் பாம்புப் பயமும் குறையும். மூங்கில் கம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பு வந்தபோது சுமை குறைந்தது. அதோடு புதிய ஆபத்தும் வந்தது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி போகும் இடத்தில் கம்பைத் தூக்கி உயிரிழந்தவர்கள் உண்டு. மூங்கிலில் பழகிய கைக்கு மேலே பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடாது. கருவி மாறும்போது கற்றலும் மாற வேண்டும்.

இனி, மதிநுட்பத்தோடு உழைப்பது என்றால் என்ன என்பதற்குச் செம்பனைத் தோட்டத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 1981ஆம் ஆண்டுக்கு முன், மலேசியத் தோட்டங்களில் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலையைப் பல இடங்களில் மனிதர்களே செய்தனர். ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் திரட்டி, அதை மாக்கல் தூளோடு கலந்து, ஊதும் கருவியால் பெண் பூக்களின் மேல் தூவ வேண்டும். பெண் தொழிலாளர்களே பெரும்பாலும் இதைச் செய்தனர். முள் மட்டைகளுக்கு நடுவே பூவைத் தேடித் தேடி, மரம் மரமாகப் போக வேண்டிய வேலை. செய்யாவிட்டால் குலையில் பழம் பிடிக்காது. செம்பனையில் மகரந்தத்தைக் காற்றுதான் பரப்புகிறது என்று அப்போது நம்பினார்கள். காற்று போதவில்லை, எனவே மனிதன் உதவ வேண்டும் என்பதே கணக்கு.

யூனிலீவர் நிறுவனத்தில் வேலை செய்த லெஸ்லி டேவிட்சன் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுத் தோட்டங்களில் இருந்துவிட்டு, 1960ஆம் ஆண்டில் மலேசியப் பகுதிக்கு வந்தார். கேமரூனில் யாரும் கையால் மகரந்தம் தூவவில்லை. ஆனாலும் குலைகள் நன்றாகவே காய்த்தன. அங்கே செம்பனைப் பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதை அவர் பார்த்திருந்தார். இங்கே அவை இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வியை அவர் விடவில்லை. பிற்காலத்தில் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் உயர்பொறுப்புக்கு வந்தபோது, ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரைக் கொண்டு கேமரூனில் ஆய்வு நடத்த ஏற்பாடு செய்தார். செம்பனைப் பூ மலரும்போது சோம்பு போன்ற மணம் வீசும். அம்மணத்தை நாடி வரும் ஒரு சிறிய வண்டு ஆண் பூவில் வாழ்ந்து பெருகுகிறது. பெண் பூவுக்கும் போய்வருகிறது. அப்போது மகரந்தம் பரவுகிறது. வேறு பயிர்களை அது தாக்காது என்று சோதித்து உறுதிசெய்த பின், 1981ஆம் ஆண்டில் அந்த வண்டுகள் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டன. ஓரிரு ஆண்டுகளில் அவை தீபகற்பம் முழுவதும் பரவின. கையால் மகரந்தம் தூவும் வேலை வழக்கொழிந்தது.

கூடுதல் நேரம் உழைப்பதாலோ விரைவாக ஊதுவதாலோ இந்த மாற்றம் வந்துவிடவில்லை. ‘இந்த வேலையை ஏன் செய்கிறோம்?’ என்று ஒருவர் கேட்டதால் வந்தது. வேறோர் இடத்தில் பார்த்ததை இங்கே பொருத்திப் பார்த்ததும் அதற்கு உதவியது. அவர் தாவரவியல் அறிஞர் அல்லர், தோட்ட நிர்வாகி. வண்டைப் பற்றிய முதல் செய்தி அவருக்கு நூலிலிருந்து கிடைக்கவில்லை; தோட்டத்தில் நடந்தபோது கிடைத்தது. முறைசாராக் கற்றலும் முறையான ஆய்வும் இங்கே கைகோத்தன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் இன்னொன்றையும் கேட்போம். நாள்தோறும் பூக்களின் முகத்தில் முகம் வைத்து வேலை செய்த அந்தப் பெண்களும் எத்தனையோ நுணுக்கங்களைக் கவனித்திருப்பார்கள். அவர்களிடம் யாராவது கேட்டார்களா? நிர்வாகி கேட்ட கேள்விக்கு ஆய்வாளர் அனுப்பப்பட்டார். ஒரு தொழிலாளி அதே கேள்வியைப் பெரட்டுக் களத்தில் கேட்டிருந்தால், வேலையைப் பார் என்ற பதில்தான் வந்திருக்கும். மேலும், வண்டு வந்ததும் நிறுவனத்துக்கு ஆட்கூலி மிச்சமானது. அந்த வேலையை நம்பியிருந்தவருக்கோ அன்றாட வருமானத்தின் ஒரு வழி அடைபட்டது. வேலை எளிதாகும்போது யாருக்கு எளிதாகிறது என்று பார்க்காமல் புகழ்வது சரியன்று.

முறைசாராக் கற்றலுக்குக் குறையும் உண்டு. நல்ல பழக்கம் பரவுவதைப் போலவே கெட்ட பழக்கமும் பரவும். தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகப் பெண்களே அதிகம் செய்துவந்தனர். முகமூடி போட்டால் வெயிலில் மூச்சு முட்டுகிறது என்று மூத்தவர் கழற்றி வைத்தால், புதியவரும் கழற்றி வைப்பார். மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படிக்க அவர்களுள் பலருக்கு மொழி தெரியாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி தோலிலும் கண்ணிலும் நுரையீரலிலும் கேடு விளைவிப்பது. சிறிதளவு உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. தோட்டங்களில் பூச்சிமருந்து, களைக்கொல்லி நச்சுகளால் தொழிலாளர் படும் பாட்டைப் பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. நீண்ட விவாதங்களுக்குப் பின், 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து பாராகுவாட் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. நச்சுப் பொருளைக் கையாள்வதைப் பார்த்துப் பழகிக் கற்க இயலாது. உடலுக்குள் நடக்கும் கேடு கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அங்கே முறையான பயிற்சி, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம், சட்டத்தின் காவல் ஆகியவை வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கு அந்தக் கடமையை விதிக்கிறது.

கூலியைப் பற்றிய அறிவும் இவ்வாறே. பால் நிறுக்கும் இடத்தில் கிராணி ஒரு கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் இருக்கிறது என்று கணக்கிடுவார். கூலி அந்தக் கணக்கைப் பொறுத்தது. அதைப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஐயம் எழும்போது கேள்வி கேட்க முடிந்தது. தெரியாதவர் சொன்னதை ஏற்றார். 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. சங்கக் கூட்டங்களில்தான் பலர் சம்பளச் சீட்டைப் படிக்கவும், விடுப்பு உரிமையை அறியவும், நாலுபேர் முன் எழுந்து பேசவும் கற்றனர்.

இப்போது தோட்டத்தை விட்டு வெளியே வருவோம். முறைசாராக் கற்றல் உளியோடும் அரிவாளோடும் நின்றுவிடவில்லை. 1980களில் ஜூலியன் ஓர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சென்று அவர்கள் வேலையைக் கவனித்தார். நிறுவனம் அவர்களுக்குத் தடித்த கையேடுகளைக் கொடுத்திருந்தது. ஆனால், உண்மையான பழுதுகள் கையேட்டில் சொன்னபடி வருவதில்லை. அவர்கள் காலை உணவுக்கு ஒன்றுகூடும்போது, “நேற்று ஓர் இயந்திரம் என்னைப் படாத பாடு படுத்திவிட்டது” என்ற வகையில் ஒருவர் கதை தொடங்குவார். மற்றவர் தம் அனுபவத்தைச் சேர்ப்பார். அந்தப் பேச்சிலேயே தீர்வு பிறக்கும். வெளியிலிருந்து பார்க்கும் மேலாளருக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரியலாம். பின்னர் அந்நிறுவனமே, பழுதுபார்ப்பவர்கள் தாங்கள் கண்ட வழிகளை எழுதிப் பகிர்ந்துகொள்ள ஒரு கணினித் தொகுப்பை உருவாக்கியது. பால் நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றபடி, “இந்த மழைக்கு உன் நிரையில் பால் எப்படி?” என்று பேசிக்கொண்டவர்கள் செய்ததும் இதைத்தான். அவர்கள் பேச்சை எழுதிவைக்க மட்டும் யாரும் இல்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தோற்றம் இன்று மாறிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கே சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. புஞ்சாக் ஆலாமில் இன்னொரு பல்கலைக்கழக வளாகம் எழுந்துள்ளது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. எஞ்சிய செம்பனைத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே பெரும்பாலும் அறுவடை செய்கின்றனர். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய சந்தாஸ் என்ற மோட்டார் அரிவாள், உயரம் குறைந்த மரங்களில் குலை வெட்டப் பயன்படுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் பட்டறைக்கும் போகின்றனர்.

தோட்டம் மூடப்பட்டபோது வெளியேறியவர்களை வாட்டிய சிக்கல்களுள் ஒன்று இதுதான்: இருபது, முப்பது ஆண்டுத் திறமை அவர்களிடம் இருந்தது, அதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. டிராக்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரும், ஆலையில் கொதிகலனைக் காத்தவரும், வெளியில் வேலை கேட்டுப் போனபோது ‘படிப்பு இல்லாதவர்’ என்றே பதியப்பட்டனர். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்த திறமை, தோட்டத்து எல்லையைத் தாண்டியதும் யாருக்கும் தெரியாததாகிவிட்டது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப நம் நாட்டில் இப்போது ஒரு வழி உண்டு. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. இதில் ஐந்து நிலைகள் உள்ளன. முதல் மூன்றும் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்து இச்சான்றிதழைப் பெறலாம். தொழிற்பயிற்சி மாணவராக நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பெறலாம். மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது. அதை மலாய்மொழியில் சுருக்கமாக ‘பிபிதி’ என்பர். முன்பே பெற்ற அனுபவத்தையும் திறமையையும் மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறை அது.

இம்முறையில் விண்ணப்பிப்பவர் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. தம் தொழிலுக்குரிய தேசியத் தரத்தில் என்னென்ன திறன்கள் பட்டியலிடப்பட்டுள்ளன என்று பார்த்து, ஒவ்வொன்றையும் தாம் செய்திருப்பதற்கு ஆதாரம் திரட்ட வேண்டும். அவற்றை ஒரு கோப்பாகத் தொகுத்து ஒப்படைத்தால் மதிப்பீட்டாளர் அதை ஆராய்வார். வாகனம் பழுதுபார்ப்பவர், மின்கம்பி பொருத்துபவர், சமையற்காரர், தையற்காரர் எனப் பலதரப்பட்டவர்கள் இவ்வழியில் சான்றிதழ் பெறுகின்றனர்.

ஆனால், கைக்குத் தெரிந்ததைத் தாளில் காட்டுவது எளிதன்று. பொலானி சொன்ன சிக்கல் இங்கேதான் முகம் காட்டுகிறது. இருபது ஆண்டு இயந்திரம் பழுதுபார்த்தவரிடம், “ஐயா, நீங்கள் என்னென்ன செய்வீர்கள்? எழுதிக் கொடுங்கள்” என்றால், அவர் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரிந்த மகனோ மகளோ அருகில் உட்கார்ந்து, “அப்பா, சத்தம் மாறினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அதன்பிறகு?” என்று ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதினால்தான் அந்த அறிவு வெளியே வரும்.

நீங்கள் வேலைக்குச் செல்லும்போது இதை முதல் நாளிலிருந்தே செய்யலாம். பள்ளி விடுமுறையில் கடையிலோ உணவகத்திலோ பகுதிநேர வேலை செய்பவராயின், இப்போதே தொடங்கலாம். உங்கள் பிரிவில் யாரிடம் எல்லாரும் போய்க் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர் பதவியில் பெரியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, “அக்கா, இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று கேளுங்கள். ‘எப்படி’ என்று கேட்டால் செய்முறை கிடைக்கும். ‘ஏன்’ என்று கேட்டால்தான் அந்த முறை மாறும்போது நீங்களும் மாற முடியும். சக ஊழியர்கள் புலனக் குழுவில் பகிரும் குறிப்பும் காணொலியும் உதவும். ஆனால், பாதுகாப்புத் தொடர்பானவற்றை மட்டும் பொறுப்பாளரிடமோ கையேட்டிலோ சரிபார்த்த பிறகே பின்பற்ற வேண்டும்.

கைப்பேசியில் ஒரு தனிக்கோப்பும் ஒரு சிறு குறிப்பேடும் போதும். பழுதடைந்த கருவியின் படம், சரிசெய்த பின் எடுத்த படம், அன்றைய தேதி, செய்த வேலை பற்றி நான்கு வரி, உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். நிறுவனத்துக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையை விட்டு விலகும்போது, எத்தனை ஆண்டு, எந்தப் பிரிவில், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய கடிதத்தை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் மூடப்பட்ட பிறகு அந்தக் கடிதத்தைக் கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி இருந்தால், உளி தீட்டும் முறையை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லச் சொன்னால் தயங்குவார்கள். கையில் ஓர் உளியையும் தீட்டுக்கல்லையும் கொடுத்துவிட்டு, அருகில் உட்கார்ந்து பாருங்கள்.